இரவல் கொடுக்க முடியாத பொருள்

எங்கள் குன்றத்தூர் நண்பர் ஒருவர் தம் மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பு கொடுத்த வாக்கு. தேர்வு முடிவும் வந்துவிட்டபடியால் தப்ப வழியில்லை. கடைக்குப் போனபோதுதான் அக்கருவி இரண்டு வகைகளில் கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. ஒன்றில் வட்டைச் செருகும் வாய் உண்டு. மற்றதில் அது கிடையாது. விளையாட்டுகள் அனைத்தையும் இணையத்திலிருந்தே தரவிறக்கிக்கொள்ளவேண்டும். 2021 பிப்ரவரியில் இக்கருவி இந்தியாவுக்கு வந்தபோது முன்னதன் விலை 49,990 ரூபாய், பின்னதன் விலை 39,990 ரூபாய். விலைகள் பிறகு ஏறின. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கடை வாசலில் நின்று யோசிக்கவைக்கும் அளவுக்கு இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

நண்பர் எங்களிடம் வந்தார். "புத்தகம் என்றால் கையில் எடுத்துப் புரட்டவேண்டும் என்று பேசுகிறவர்கள் நீங்கள். இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

நாங்கள் யோசிக்காமலேயே வட்டுதான் என்றோம். வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் எங்களையே உறுத்தத் தொடங்கியது. காகித வாசனைமேல் நமக்குள்ள பழைய மோகத்தை ஒரு பிளாஸ்டிக் தகட்டின்மேல் ஏற்றிச் சொன்ன பதில் அது. நண்பர் கூடுதலாகச் செலவழிக்கப்போகும் பணத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப்பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும், அது வலுவானது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவை எங்கள் பகுதியில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஊருக்கு அருகிலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழையோ முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஏற்கெனவே மூழ்கடித்திருந்தது. நீர் வடிந்தபின் தெருவோரக் குப்பைக் குவியலில் மெத்தைகளோடும் சான்றிதழ்க் கோப்புகளோடும் புத்தகங்களும் வட்டுகளும் கிடந்தன. புத்தகங்களை மொட்டைமாடியில் விரித்து உலர்த்திப் பார்த்தோம்; பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன. தரவிறக்கி ஆடியவர்களோ கருவியை மட்டுமே இழந்தார்கள். புதிய கருவி வந்ததும் கடவுச்சொல்லைத் தட்டி எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் வட்டின் பொற்காலம் என்று நாம் நினைவுகூரும் காலம் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகளின் காலமாகவே இருந்தது. பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கியிருந்த வட்டுகளில் அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்குக் காசு போய்ச்சேர்ந்தவை எத்தனை? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்ததற்குப் பிறகே, ஐம்பது கிகாபைட் விளையாட்டு ஒன்றை வீட்டிலிருந்தபடி முறையாக விலைகொடுத்துத் தரவிறக்குவது இங்கே பரவலாகச் சாத்தியமாயிற்று. தரவிறக்கம் நம்மில் பலரை முதன்முறையாக நேர்மையான நுகர்வோராக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய படைப்பாளிகளுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. இலக்கிய வாசகர்கள் இந்த விவாதத்தில் அக்கறைகொள்ள ஒரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்றொரு விளையாட்டு வெளியாயிற்று. கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் ஆக்கம். 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த பாவலன், வெண்பா என்னும் தம்பதியும் அங்கே பிறந்து வளரும் அவர்களின் மகன் கவினும் அதன் பாத்திரங்கள். வெண்பாவின் தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன, சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. இட்லியையும் புட்டையும் எந்த வரிசையில் எப்படிச் செய்வது என்று ஆடுபவரே ஊகித்து அந்த இடைவெளிகளை நிரப்பவேண்டும். மகன் தாய்மொழியிலிருந்து மெல்ல விலகுவதும், அதைத் தாய் அறிவதும் சமையலறையிலேயே நிகழ்கின்றன. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த ஆக்கம் 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும், அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் பெற்றது. புலம்பெயர் இலக்கியத்தின் வரிசையில் வைத்துப் பேசவேண்டிய ஆக்கமாகவே இதை நாங்கள் கருதுகிறோம்.

வெளியான நாளில் 'வெண்பா' தரவிறக்கமாகவே வந்தது. ஆயிரக்கணக்கில் வட்டு பதித்து, பெட்டியிலிட்டு, கப்பலேற்றி, கடைகளில் இடம் பிடித்தால்தான் ஆயிற்று என்ற நிலை இருந்திருந்தால், இட்லித் தட்டைப் பற்றிய ஒரு விளையாட்டுக்கு எந்த வணிகர் பணம் போட்டிருப்பார்? நம் சிற்றிதழ்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தரவிறக்கத்துக்குப் பணம் கொடுத்தவர் எதை வாங்கினார்?

திரையில் 'வாங்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துகிறவர் பெறுவது பயன்படுத்துவதற்கான ஓர் உரிமம் மட்டுமே. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று, எவரும் படிக்காத நீண்ட நிபந்தனைப் பட்டியலில் எழுதியிருக்கிறது. இந்தச் சொல்மோசடி எவ்வளவு தூரம் போயிற்று என்றால், கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, மின்வடிவப் பண்டங்களை விற்பவர் தாம் தருவது உரிமமே என்று வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. சட்டம் காப்பாற்ற முயன்றது சொல்லின் பொருளை மட்டுமே. பண்டத்தை வாங்கியவருக்கு உடைமையாக்கித் தரவில்லை.

வாசகர்களுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2009 ஜூலையில், கிண்டில் கருவிகளில் பலர் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரு நூல்களின் குறிப்பிட்ட பதிப்புகளை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றைக் கடையேற்றியவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் விற்றவர் நம் அலமாரிக்குள் கைவிட்டு எடுத்துச்செல்ல முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் கடையோடு சேர்ந்து மறைந்தன. அப்போதும் பணம் திரும்பி வந்தது. ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்த ஒரு நூலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்பதை வாசகர்தாம் சொல்லவேண்டும்.

விளையாட்டுகளின் நிலை இதைவிட மோசம். நிண்டெண்டோ 2023 மார்ச்சில் தன் பழைய இரு கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட ஆக்கங்களை இனி முறையாக வாங்க வழியில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அரை நூற்றாண்டே வயதான ஒரு கலை இதற்குள் தன் பெரும்பகுதியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டது.

அப்படியானால் வட்டை வாங்கியவர் தப்பித்துக்கொண்டாரா? இல்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பளித்தது. 2014இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் காரோட்ட விளையாட்டு வட்டாகவும் விற்பனையானது. ஆனால் தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் வழங்கியோடு இணைந்திருந்தாலன்றி அது இயங்காது. 2024 மார்ச் 31 அன்று வழங்கியை நிறுத்தினார்கள். அலமாரியில் வட்டை வைத்திருந்தவரும் கணக்கில் உரிமம் வைத்திருந்தவரும் ஒரே நாளில் ஒரே நிலைக்கு வந்தார்கள். இதற்கு எதிராகக் கிளம்பிய இயக்கம் ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கருவிகளும் மாறி வருகின்றன. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்கு விற்கப்படும் சில அட்டைகளில் விளையாட்டே கிடையாது. திறவுகோல் மட்டும் இருக்கிறது. விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்ளவேண்டும். கையில் பொருள் இருக்கிறது, பொருளுக்குள் படைப்பு இல்லை.

எனவே வட்டா தரவிறக்கமா என்ற கேள்வி, கேட்கவேண்டிய கேள்வியின் ஓரத்தில்தான் நிற்கிறது. அது எது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு தடயம் கிடைத்தது.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், பெரியபுராணம் பாடியவர். கும்பகோணத்தருகே உள்ள திருநாகேசுவரத்தின்மேல் கொண்ட பற்றினால் அதே பெயரில் அவர் இங்கே எழுப்பிய கோயில் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் கைப்பட எழுதிய ஏடு எங்கே? எங்கும் இல்லை. நம் தட்பவெப்பத்தில் பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. பெரியபுராணம் நமக்குக் கிடைத்திருப்பது எவரோ ஒருவர் அதைப் பத்திரமாக வைத்திருந்ததால் அன்று. தலைமுறைதோறும் யாரேனும் அதைப் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டே இருந்ததால் கிடைத்திருக்கிறது.

படியெடுக்காமல் வைத்திருந்தவற்றின் கதி என்ன என்பதும் நமக்குத் தெரியும். தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிவைக்கப்பட்டிருந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி கண்டெடுத்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டிருந்தது என்பது மரபுக் கதை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று தமக்குச் சொல்லப்பட்டதை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் வேதனையோடு பதிவுசெய்திருக்கிறார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதோடு சாம்பலாயின. பொருளாக இருப்பது ஒன்றே காப்பாகிவிடாது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள், தீக்கும் நீருக்கும் செல்லுக்கும் உரியது.

மறுபுறம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அது தொகுத்தவை அனைத்தும் மின்பிரதிகள். ஓலையோ காகிதமோ இல்லை. எனினும் அவற்றை எவரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதால், அவை இன்று எத்தனை கணினிகளில் இருக்கின்றன என்று ஒருவராலும் எண்ணிச் சொல்லமுடியாது. அந்தத் தளமே நாளை நின்றுபோனாலும் அந்நூல்கள் இருக்கும். சேக்கிழாரின் ஏட்டுக்கும் மதுரைத் திட்டத்தின் கோப்புக்கும் பொதுவானது ஒன்றுதான்: வைத்திருப்பவர் அதைப் படியெடுக்கலாம், கொடுக்கலாம். ஏட்டைப் பூட்டிவைத்துக் காட்ட மறுத்தவர்களும் நம் மரபில் உண்டு. அந்த ஏடுகளைப் பெரும்பாலும் செல்தான் படித்தது.

இன்றைய விளையாட்டுகளில் பலவும் அத்தகைய பூட்டோடுதான் வருகின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கூட, ஒரு கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது அழிந்துபோகாதிருக்கத் தற்காப்பாக ஒரு மாற்றுப்படி எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று தன் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. சட்டம் கொடுத்ததை நிறுவனத்தின் பூட்டு பறித்துக்கொள்கிறது.

பூட்டை எடுத்துவிட்டால் திருட்டு பெருகாதா, 'வெண்பா' போன்ற சிறு முயற்சிகள்தாமே முதலில் சாகும் என்று கேட்கலாம். நியாயமான அச்சம். ஆனால் காப்பதற்காக ஒரு படி எடுப்பதும், ஆயிரம் படி எடுத்துச் சந்தையில் விற்பதும் ஒன்றாகாது. பூட்டில்லாமல் விற்றுப் பிழைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்னும் போலந்து நிறுவனக் கடை, பூட்டற்ற நிறுவல் கோப்புகளை விற்று இன்றுவரை நடந்துவருகிறது. அங்கே வாங்கியதை ஒரு வன்தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு இணையத்தைத் துண்டித்துவிட்டாலும் ஆடலாம். எங்கள் பார்வையில் அதுவும் கையில் இருக்கும் பிரதிதான். 'தி க்ரூ' வட்டு கையில் இருந்தும் இல்லாத பிரதி.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இணையத்தைத் துண்டித்தால் இது இயங்குமா? விற்றவர் கடையைக் கட்டிவிட்டாலும் இயங்குமா? இதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? மூன்றாவது கேள்வியை நாம் எளிதில் கடந்துபோய்விடுகிறோம். நம்மில் எவரும் எல்லாப் புத்தகங்களையும் வாங்கிப் படித்தவர்களில்லை. இரவல் வாங்கிப் படித்தே வாசகர்களானோம். திரும்பி வராத புத்தகங்களுக்காக நண்பர்களைத் திட்டியபடியே மேலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். தரவிறக்கிய விளையாட்டை அப்படிக் கொடுக்க முடிவதில்லை. குடும்பத்துக்குள் பகிரச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அந்த அனுமதியும் அவர்கள் தருவது, அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது.

தனிமனிதரின் அலமாரியோடு இது முடிவதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு அச்சு நூலின் பிரதியையும் பதிப்பாளர் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்பவேண்டும். எவரும் சீந்தாத கவிதைத் தொகுப்புக்கும் எழும்பூரில் ஓரிடம் உறுதி. விளையாட்டுக்கு அத்தகைய இடம் இல்லை. அதுவும் கடல்கடந்து ஆக்கப்பட்ட தமிழ்ப் படைப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பாரதி தொடங்கி எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கி, எவரும் பதிப்பிக்கலாம் என்று ஆக்கிய அரசு இது. தமிழ் வாழ்வைச் சொல்லும் விளையாட்டுகளை, ஆக்கியவர்களின் இசைவோடும் உரிய தொகையோடும், பூட்டற்ற பிரதிகளாகப் பெற்று நூலகங்களில் வைக்கும்படி அதனிடம் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. இன்று கேட்டால் கொடுக்க ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் தேடிவரும்போது, எந்தக் கடையின் எந்தக் கணக்கில் போய்த் தேடுவார்?

நண்பரிடம் இவ்வளவையும் விளக்கமாகச் சொல்லப் போனோம். அவர் மகன் குறுக்கிட்டு, தங்கள் தெருவில் இந்தக் கருவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர், இவனையும் சேர்த்தால் நான்கு பேர் என்றான். புதிய விளையாட்டு ஒன்றின் விலை ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. ஒருவர் ஒரு வட்டை வாங்கினால் நால்வரும் முறைவைத்து ஆடலாம், பிறகு விற்றும்விடலாம் என்பது அவர்களின் கணக்கு. நாங்கள் சேக்கிழார்வரை போய்க் கண்டுபிடித்ததைப் பையன்கள் தெருமுனையிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். வாய் உள்ள கருவியே வாங்கப்பட்டது.

அக்கருவியில் முதலில் ஆடப்பட்டது எங்கள் வற்புறுத்தலின்பேரில் 'வெண்பா'. அதைத் தரவிறக்கியே ஆகவேண்டியிருந்தது. பையனின் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குறிப்பேட்டில் அழிந்திருந்த வரியைப் பார்த்து, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார். முடிந்ததும், பம்மலில் இருக்கும் தம் தங்கைக்கும் இதைக் காட்டவேண்டும், இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார். கருவியையே தூக்கிக்கொண்டு போனாலொழிய முடியாது என்று பேரன் விளக்கினான். காசு கொடுத்து வாங்கியதை ஏன் கொடுக்கமுடியாது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.